வந்துட்டேன்

தொகாஷியின் வேலை பறவை விரட்டுவது. வட ஜப்பானின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் சின்ன விமான நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மஞ்சள் வண்டி ஓட்டினார். பருந்தோ கடற்காகமோ ஓடுபாதையில் இறங்கினால் வேட்டு போட்டுக் கிளப்புவார். விமானிகளுக்கு அவர் யாரென்றே தெரியாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அவர் குரல் மட்டும் தெரியும்.

பாதையை விட்டு வெளியேறியதும் வயர்லெஸ்ஸில் "வெளிய வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கோபுரம் அடுத்த விமானத்தை இறக்கும். தொகாஷி அடுத்தவரைக் காக்கவைக்கக் கூசுகிறவர். புல்தரைப் பக்கம் வண்டியைத் திருப்பும்போதே சொல்லிவிடுவார். மனைவி கூப்பிட்டால் குளியல் தொட்டியில் கிடந்தபடியே நாம் சொல்வோமே, அந்த மாதிரி.

மே மாதம் ஒரு நண்பகலிலும் அப்படித்தான் சொன்னார். சொன்ன கையோடு செத்த பருந்து ஒன்று கண்ணில் பட்டது. பாதையிலேயே நிறுத்தி இறங்கினார். குனிந்து எடுக்கும்போது விமானம் வந்துவிட்டது. மஞ்சள் வண்டியைப் பார்த்த விமானி கடைசி நொடியில் மேலே தூக்கினார். தொகாஷியின் தொப்பி பறந்து வேலியில் மாட்டிக்கொண்டது.

அன்று கோபுரத்தில் இருந்தவள் ஷிராயிஷி. உரிமம் வாங்கி இரண்டே மாதம் ஆனவள். விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். "வெளிய வ..." என்பதற்குப் பிறகு வெறும் இரைச்சல். சொன்னது "வர்றேன்"னா, "வந்துட்டேன்"னா?

"நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். மன்னிச்சிடுங்க." அவள் இடுப்பு வளைய வணங்கி நின்றாள். உரிமம் போவது உறுதி.

தொகாஷி ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் மரியாதையோடு போகலாம். அதே வண்டியை அடுத்த ஷிப்டில் ஓட்டுகிற நான், பக்கத்தில் இருந்து அவர் முழங்காலை அழுத்தினேன். மனுஷன் எழுந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டுச்சு. வந்துட்டேன்னுதான் சொன்னேன். ஆனா வரல."

"அன்னிக்கு மட்டுமா, தொகாஷி சான்?" என்றார் விசாரணை அதிகாரி.

"எப்பவுமேங்க."

வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒன்பது மாதமும் கொட்டகையில் உட்கார்ந்து செத்த பறவைகளின் இறக்கையை அளந்து எழுதினார். ஷிராயிஷி கோபுரத்திலேயே இருக்கிறாள்.

"ஒத்த வார்த்தையில முப்பது வருஷத்தையும் தூக்கிக் குடுத்துட்டீங்களே," என்று மதியச் சாப்பாட்டின்போது ஒருநாள் சீண்டினேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கேப்பா," என்றார், சோற்று உருண்டையைக் கடித்தபடி.

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. புல்தரையில் நிறுத்தி, திரும்பிப் பார்த்த பிறகே சொல்கிறேன். அதற்கு முன் பதினாறு வருடம் நானும் அவரைப் போலத்தான் சொல்லிவந்தேன். விசாரணையில் என்னை யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. அன்று நான் முழங்காலை அழுத்தியது தன்மேல் உள்ள அக்கறையால்தான் என்று தொகாஷி இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.