நாலாம் நம்பர் மெஷினுக்கு அடியில் ஒரு ஓட்டை

ஜெயவேலுக்குப் பயம் என்றால் கிலோ என்ன விலை என்று எண்ணூர் ரோட்டில் ஒரு காலத்தில் பேச்சு. நாற்பதடி கண்டெய்னரை இழுத்துக்கொண்டு, ஒரு கையில் டீ கிளாஸோடு துறைமுக வாசல் வரை போய் வருகிற ஆள். போன வருஷம் ஆடி மாதத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

மணலிப் பக்கம் ஒரு யார்டில் அவன் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்த கிளீனர் ராசையா, நிறுத்தச் சொல்லி "ஓல்டான்!" என்று கத்தினான். ஜெயவேலின் கால் பிரேக்குக்குப் போகக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கொஞ்சம் என்றால் கண்ணை மூடித் திறக்கிற நேரம். ராசையாவின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விசாரிக்க வந்த போலீசிடம் அவன், "நான்தான் சார் சறுக்கி வுழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பதில் ராசையா நாலு அறை விட்டிருந்தாலாவது ஜெயவேலுக்கு மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு கேபினில் ஏறி உட்கார்ந்தாலே அவனுடைய வலது கால் நடுங்க ஆரம்பித்தது. முதலாளி கருணாகரன் நல்ல மனுஷன். வேலையை விட்டு அனுப்பாமல் யார்டில் லோடுக்குக் கயிறு கட்டச் சொன்னார். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை கயிறு கட்டியது.

இந்த நிலைமையில்தான் அவன் வாழ்க்கைக்குள் லாரி கேம் வந்தது. மகள் செங்கொடி கல்லூரி விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று திருவொற்றியூர் தேரடியில் இருந்த அப்துல் வஹாபின் பிரவுசிங் சென்டருக்கு அவனைத் துணைக்குக் கூட்டிப் போனாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு அவ்வளவு மரியாதை. மகள் டைப் அடிக்கிற வரை சும்மா கிடந்தவனை வஹாப் நாலாம் நம்பர் மெஷினில் உட்கார வைத்தார்.

"டிரைவருதானே நீ? பர்மா பஜார்ல இருந்து ஒரு லாரி கேம் வந்து கீது. ஓட்டிப் பாரு."

அந்த விளையாட்டின் பெயரை ஜெயவேல் கடைசி வரை படிக்கவில்லை. மேல் அம்புக்குறியை அழுத்தினால் லாரி போகும். முதல் நாளே எதிரில் ஒரு பாலம் வந்தது. அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. லாரி பாலத்தின் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. அடுத்து ஒரு வீடு. அதற்குள்ளும் புகுந்து வந்தது. ரோட்டோரம் தொப்பி போட்ட ஒரு ஆள் நின்றிருந்தான். லாரி அவன் மேலேயே ஏறிப் போனது. ஜெயவேல் பதறிப்போய் லாரியைத் திருப்பிப் பார்த்தால், நின்ற ஆள் நின்றபடியே நிற்கிறான். ஒரு சிராய்ப்பு இல்லை.

ஜெயவேல் அழுதுவிட்டான். ஏசி குளிர் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மகளிடம் சமாளித்தான்.

அன்றிலிருந்து வேலை முடிந்து குளித்தானோ இல்லையோ, நாலாம் நம்பருக்கு வந்துவிடுவான். மனைவி ரமாபாய், "மீசை நரைச்சப்புறம் பொம்மை லாரி ஓட்டறான்யா என் வூட்டுக்காரன்" என்று தெருவுக்கே சொல்லிச் சிரித்தாள். அவனுக்குக் கவலையில்லை. அந்த விளையாட்டைச் செய்தவன் நிச்சயம் ஒரு டிரைவர் என்று நம்பினான். மோதிவிட்டுத் தூக்கம் கெட்ட எவனோ ஒருவன், யாருக்கும் அடிபடாத ஒரு ரோட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். முகம் தெரியாத அந்த ஆளை நினைத்தால் அவனுக்குக் கைகூப்பத் தோன்றும்.

வஹாபுக்கு மட்டும் ஒரு புலம்பல் இருந்தது. "நாலாம் நம்பருக்குக் கீழ தரை ஷீட்டுல ஓட்டை வுழுந்துகினே போவுது. எலியா, மனுசனான்னே தெரியல. புது ஷீட்டு!" என்பார். ஜெயவேல் காதில் வாங்கிக்கொண்டதேயில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை கருணாகரன் கூப்பிட்டார். "ராசையா திங்கக்கிழமை வேலைக்கு வர்றான். பழைய எடத்துலதான் நிப்பேன்றான். நீயும் அன்னிக்கு வண்டி எடு. எடுக்க முடியலன்னா சொல்லிடு ஜெயவேலு, வேற டிரைவரப் போட்டுக்கறேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

ஜெயவேல் தலையாட்டினான். உள்ளுக்குள் ஒரு தைரியம்கூட இருந்தது. இரண்டு மாதமாக ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறான்!

சனிக்கிழமை அந்தத் தைரியத்தில் மண் விழுந்தது. பக்கத்து மெஷினில் இருந்த செங்கொடி சும்மா அந்த விளையாட்டின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நைனா, ஒலகத்துலயே மோசமான கேமாம் இது. பக்கம் பக்கமா திட்டி எழுதி வெச்சிகிறாங்க."

"இன்னா மோசம்?"

"செவுத்துல இடிச்சா நிக்கணுமாம், ஆளு மேல மோதினா வுழணுமாம். செஞ்சவங்க அத்த செய்யாமலே பாதில வித்துட்டாங்களாம். எல்லாம் தப்பாம் நைனா."

அவளுக்கு அது தமாஷ். அவனுக்கு இல்லை. அப்படியானால் அங்கே எந்த டிரைவரும் இல்லை. யாரோ அரைகுறையாகச் செய்துவிட்டுப் போன தப்பைத்தான் இத்தனை நாள் சாமியாக நினைத்திருக்கிறான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது. இரண்டு மாதமாக ஆளைப் பார்த்தும் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே போயிருக்கிறானே! தினம் பழகியது உடம்பில் ஊறாமல் போகுமா? திங்கட்கிழமை ராசையா கத்தும்போது இந்தக் கால் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் தன் வலது காலையே வெறித்துக்கொண்டிருந்தான். மீன் குழம்பு வைத்தும் சோறு இறங்கவில்லை. ரமாபாய்க்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "புடிக்கலன்னா வோணாம்யா, கயிறே கட்டிகினு இரு" என்றாள். சாயங்காலம் அவன் மகளைக் கூப்பிட்டு, "கடசியா ஒருவாட்டி ஓட்டறேன். நான் ஆளப் பாத்து நிறுத்தறனா, இல்லியான்னு பக்கத்துல குந்திகினு பாரு" என்றான்.

ஓட்டினான். பாலம் வந்தது, விரல் எடுக்கவில்லை. வீடு வந்தது, தொப்பிக்காரன் வந்தான். விரல் அழுத்தியபடியே இருந்தது. லாரி எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து போனது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"பாத்தியாம்மா, நிறுத்தவே மாட்றேன். என் கை கெட்டுப்போச்சு."

செங்கொடி திரையைப் பார்க்கவேயில்லை. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, இன்னொருவாட்டி ஓட்டு. ஓட்டிகினே கீழ பாரு."

மறுபடியும் பாலம் வந்தது. ஜெயவேல் கீழே பார்த்தான். அவனுடைய வலது கால், அவனைக் கேட்காமலே, பிரேக்கை மிதிப்பதுபோல் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. வீடு வந்தது, மிதித்தது. தொப்பிக்காரன் வந்தபோது குதிகால் தரையில் புதைகிற அளவுக்கு மிதித்தது. குதிகால் ஊன்றிய இடத்தில்தான் வஹாபின் ஷீட் எட்டணா அகலத்துக்குத் தேய்ந்து, சிமெண்ட் தெரிந்தது.

வஹாபும் வந்து எட்டிப் பார்த்தார். "நீதானாய்யா அந்த எலி?" என்றார். அதற்கு மேல் அவருக்குத் திட்ட மனசு வரவில்லை.

திங்கட்கிழமை ஜெயவேல் கேபினில் ஏறினான். கால் நடுங்கத்தான் செய்தது. கண்ணாடியில் ராசையா கம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கியபடி நிற்பது தெரிந்தது. "வா... வா... வா..." என்றான். வண்டி பின்னால் நகர்ந்தது. ராசையா கத்துவதற்கு முன்பே கால் பிரேக்கில் போய் உட்கார்ந்தது. வண்டி குலுங்கி நின்றது.

"நான் இன்னும் ஓல்டானே சொல்லலியே, அதுக்குள்ள இன்னாத்துக்கு நின்னே?"

"பயமா கீதுடா" என்று ஜெயவேல் ஜன்னல் வழியாகக் கத்தினான்.

ராசையா கம்பால் கண்டெய்னரை இரண்டு தட்டுத் தட்டினான்.

"இன்னும் நாலடி கீது. நான் இங்கதான் நிக்கறேன். வா."