மாமி போட்ட பாஸ்வேர்டு

மஸ்கட்டிலிருந்து திரும்பி நன்னிலத்தில் செல்போன் கடை வைத்த பிறகு, எங்கள் குடும்பத்தின் வம்சாவளியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். வீட்டுப் பெண்களின் பெயரையும் பிறந்த தேதியையும் வம்சாவளி வெப்சைட் நடத்தும் முன்பின் தெரியாத கம்பெனியிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. கடையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரிலேயே இலவச மென்பொருள் ஒன்றை நிறுவி, எல்லோரும் இன்டர்நெட்டில் பார்க்கும்படி செய்தேன். உயிரோடு இருப்பவர்களின் விவரம் பாஸ்வேர்டு உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு இறந்தவர்கள் மட்டுமே தெரிவார்கள்.

ஒரு நாள் மயிலாடுதுறையிலிருந்து மாமி, என் தாய்மாமன் மனைவி, போன் செய்தார்.

"ஏம்ப்பா, நான் மவுத்தாயிட்டேனாமே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பினாங்கிலிருக்கும் அவருடைய சித்தி மகள் துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார். போனை எடுத்ததே மாமிதான்.

"நான்தான்டி பேசுறேங்குறேன், அவ நம்பாம அழுவுறா. கம்ப்யூட்டர்ல பேரு வந்துடுச்சாம்!"

திறந்து பார்த்தேன். சிங்கப்பூரிலிருக்கும் மாமியின் மகன், தான் பிறந்த வருடத்தை ஒரு நூற்றாண்டு முன்னதாகத் தட்டியிருந்தார். அவ்வளவு வயதான பிள்ளைக்குத் தாய் இருக்க வழியில்லை என்று மென்பொருள் முடிவுகட்டி, இருவரையுமே இறந்தவர்களோடு சேர்த்துவிட்டது. வருடத்தைத் திருத்தியதும் இருவரும் அந்தப் பட்டியலிலிருந்து மறைந்தார்கள். மாமியின் கோபம் மறையவில்லை.

"இனிமே ஒரு காப்பி என் வீட்டுல இருக்கட்டும். என் உயிர் உன் கடையில கெடக்க வேணாம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதுவரை பேக்கப் என்று இருந்தது அதே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஃபோல்டர். பக்ரீத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்போடு எடுத்துப்போனேன். அதைப் பூட்டும் பாஸ்வேர்டைத் தானே போடுவேன் என்றார் மாமி. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப்போய் வந்ததில் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்தது. ஃபோல்டரும் அதோடு போயிற்று. மாமிக்கு போன் போட்டேன்.

"பென் டிரைவை யாருகிட்டயாவது குடுத்து அனுப்புங்க மாமி. பாஸ்வேர்டு மட்டும் சொல்லிடுங்க."

"போன்ல சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்னே? நேர்ல வா."

லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் நிற்கும் வயல்களுக்கு நடுவே பஸ்ஸில் போனேன். பீரோவில் நகைப்பெட்டிக்குள்ளிருந்து மாமி பென் டிரைவை எடுத்தார். மறுபடியும் நான் சுவரைப் பார்த்து நின்றேன். முதல் தடவை தப்பு என்று வந்தது. "இரு, கண்ணாடி போடல," என்றார். இரண்டாம் தடவை திறந்துகொண்டது. பெயர்கள் வரிசையாக வந்து நின்றபோது கைதட்டிச் சிரித்துவிட்டேன்.

பக்ரீத்துக்கு அப்புறம் சேர்த்த ஒரு நிக்காஹும் இரண்டு குழந்தைகளும் மட்டும் அதில் இல்லை. மாமி அங்கேயே உட்கார்ந்து துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் போன் போட்டு, விவரம் கேட்டுச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒவ்வொரு போனிலும் தன் மவுத்துக் கதையையும் முதலிலிருந்து சொன்னார். அவர் முடிப்பதற்குள் சாயங்கால பஸ் போய்விட்டது. எனக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொல்லி அடுப்படிக்குக் குரல் கொடுத்தார்.