டி 418-இன் பேய்

எவரிஸ்த் பொமெல் சில்லறையைக் கண்டால் தடுமாறுவார். ஆயிரத்து முந்நூறு வருடப் பழைய காசைக் கையில் கொடுத்தால் அதை அடித்தவன் பெயரைச் சொல்லிவிடுவார். ரொட்டிக் கடையில் மட்டும் உள்ளங்கையை விரித்து நீட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வார். கடைக்காரி நல்லவள், அதனால் பிழைத்தார்.

சுங்கச்சாவடிக் குமாஸ்தாவின் மகன். வோப்ரி நகர நூலகத்துக்கு 1912-இல் வேலைக்கு வந்தார். முதல் போருக்குப் போய் ஒரு காது மந்தமாகித் திரும்பினார். பிறகு ஏறத்தாழ முப்பது வருடம் பகலில் புத்தகம், மாலையில் காசு. நூலகத்தின் பதினான்கு நாணய இழுப்பறைகளுக்கும் அவர்தான் பட்டியல் எழுதினார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று, அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்த நான் ஒருமுறை கேட்டேன். "தேதி உறுதியாகாம நான் எதையும் பதியிறதில்ல, மதாம் புசோ" என்றார். இந்த மனிதரிடம் வேறென்ன பேசுவது?

போலிக் காசு என்றால் அவருக்கு மூக்கிலேயே தெரியும். துணை மேயர் ராவினெல் தன் மாமனாரின் சேகரிப்பை விழா எடுத்து நகரத்துக்குக் கொடுத்தபோது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "உங்க மாமனாரை நல்லா ஏமாத்தியிருக்காங்க, முசியே. அறுபதுல நாப்பத்தேழு போலி." அன்றோடு ராவினெல் எங்கள் நூலகத்துக்கு ஜென்மப் பகையானார்.

இனி பேய்க்கு வருகிறேன். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால், அந்த இடத்தில் ஓர் அட்டை நிற்க வேண்டும். எந்த நூல், யார் வாங்கினார், யார் கொடுத்தார், என்ன தேதி. அந்த அட்டைக்கு எங்கள் தொழிலில் பேய் என்று பெயர். பேய் வைக்காமல் புத்தகம் வெளியே போனால் கொடுத்தவருக்கு வேலை போகும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் போனார்.

1940-இல் ஜெர்மானியர் வருவதற்கு முந்தைய வாரம், பொமெல் முப்பத்தேழு தங்கக் காசுகளை மெல்லிய தாளில் சுற்றி, தடிமனான பழைய பிரசங்க நூல்களின் முதுகுத் தோலுக்குள் செருகிவிட்டார். அங்கே இயல்பாகவே ஓர் இடைவெளி உண்டு. ஒரு தையலைக்கூட வெட்டவில்லை. இழுப்பறையில் காசு இருந்த குழிகளில் பேய் வைத்து நூலின் எண்ணை மட்டும் எழுதினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நகரம் விடுதலையான பிறகு, 1944 அக்டோபரில், நூலகத்தைச் சரிபார்க்க ஆய்வாளர் திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறார் என்று கடிதம் வந்தது. வியாழனன்று பொமெல் காசுகளை எடுக்கத் தொடங்கினார். முப்பத்தாறு வந்துவிட்டன. முப்பத்தேழாவதுதான் விரல்நகம் அளவு தங்கம், வோப்ரியின் பெயர் பொறித்தது. உலகத்தில் வேறு பிரதி இல்லை. இந்த ஊரிலும் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி. அவர் வாழ்நாள் உழைப்பு அதன்மேல்தான் நின்றது.

"டி 418, அந்தப் பிரசங்க நூலைக் காணோம், மதாம். அலமாரியில பேயும் இல்ல" என்றார்.

எனக்கு உடனே நினைவு வந்தது. 1943 பிப்ரவரி. நிலக்கரி இல்லாத குளிர்காலம். பங்குச் சாமியார் தவக்காலப் பிரசங்கத்துக்கு ஏதாவது கொடுக்கச் சொன்னார். பங்கீட்டுக் கிழங்கு வாங்க வரிசைக்கு ஓடும் அவசரத்தில், யாரும் தொடாத ஒரு நூலை உருவிக் கொடுத்தேன். விரல்கள் விறைத்திருந்தன. பேய் எழுதவில்லை. திரும்பி வந்ததா என்று பார்க்கவும் இல்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் விதவை, இரண்டு பெண் குழந்தைகள். வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் ஏணியில் ஏறி இறங்கினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். இதைவிடக் கேவலம் உண்டா? அதற்குள் காசைக் காணோம் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் வாய்க்கு மூடி ஏது? ஜெர்மானியரிடம் விற்று வெண்ணெய் வாங்கித் தின்றார் என்று சந்தையில் பேச்சு. சனிக்கிழமை காலை, ரொட்டிக் கடைக்காரி முதல்முறையாக அவர் கையிலிருந்து காசு எடுக்க மறுத்து, "நீங்களே எண்ணிக் குடுங்க" என்றாளாம். அதை அவர் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. தொப்பியை எடுத்தார். "சாமி வீட்டுல இருப்பாரா?"

சாமியார் சிரித்தார். "பிரசங்கமா அது? ரெண்டு பக்கம் படிச்சேன், தூங்கிட்டேன். அந்தப் பெரிய கால் ஆர்மோனியம் ஆடிச்சு, அதுக்கு அடியில முட்டுக் குடுத்துட்டேன்."

மூன்று பேருமாக ஆர்மோனியத்தைத் தூக்கினோம். பொமெல் நூலைத் தலைகீழாகத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மறுபடி தட்டினார். தூசிதான். தாள் மடிக்கும் எலும்புக் கத்தியை உள்ளே விட்டு மெல்ல நெம்பினார். கசங்கிய தாள் ஒன்று வந்தது, அதற்குள் காசு. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

திங்கட்கிழமை முப்பத்தேழும் இழுப்பறையில் இருந்தன. ஆய்வாளர் தலையசைத்தார். கூட வந்திருந்த ராவினெல் விடவில்லை. "எங்க இருந்துச்சு?"

"சாமியார் வீட்டுல."

"யாரு குடுத்தது? பேய் எங்க?"

பொமெல் அலமாரிக்குப் போய் ஓர் அட்டையோடு வந்தார். "பக்கத்துப் புத்தகத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்குக் கண்ணு சரியில்ல."

"நாப்பத்தேழு போலியக் கண்ட கண்ணா?" என்று ராவினெல் சிரித்தார்.

வசந்தத்தில் கண்பார்வையைக் காரணம் காட்டி அவரை ஓய்வுபெறச் செய்தார்கள். மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

அட்டை என்னிடம் இருக்கிறது. சர்க்கரை பொதிந்து வரும் நீலத் தாள், போர்க்காலத்தில் நாங்கள் அட்டையாக வெட்டிய அதே தாள். 11 பிப்ரவரி 1943. மை வெளிறியிருக்கிறது, ஓரம் தேய்ந்திருக்கிறது. போலி செய்கிறவன் ஓர் இடத்திலாவது தவறுவான் என்று அவர் சொல்வார். நானும் எத்தனையோ முறை பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன். ஒரே ஒரு தவறுதான் இருக்கிறது. கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. எவரிஸ்த் பொமெல் என்று இருக்கிறது.