ஓ-ரிங்கில் இருந்த வெள்ளைப் புள்ளி

மூன்றாவது முறையும் எங்கள் ஓ-ரிங் திரும்பி வந்தது. நாலாவதும் வந்தால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும் என்று கூடவே கடிதம்.

திருப்பரங்குன்றம் பக்கம் கரீம் பாயின் ரப்பர் பட்டறையில் நான் ரப்பரை மோல்டில், அதாவது அச்சில், வைத்து அழுத்தும் பிரஸ் ஆபரேட்டர். பம்ப் செட்டுக்கும் பஸ்ஸுக்கும் வாஷர் அடித்துக்கொண்டிருந்தோம். ராக்கெட்டின் எரிபொருள் குழாய் கசியாமல் இருக்கப் போடும் இந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கு ஆர்டர் வந்த அன்று, பாய் தெருவுக்கே பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் லீக் டெஸ்டில் வளையம் கசிந்தது. காரணம் தெரியவில்லை. கடைசியில் ராக்கெட் செய்யும் இடத்திலிருந்து தரம் பார்க்கும் பொறியாளர் அம்மா ஒருவர் நேரிலேயே வந்தார். ஒரு வளையத்தை வெட்டி லென்ஸுக்குக் கீழே வைத்துக் காட்டினார். கறுப்பு ரப்பருக்குள் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி.

"ரப்பர் கலவையில சுண்ணாம்பு மாதிரி ஏதோ கலந்திருக்கு. மிக்ஸிங் யாரு?"

எல்லோரும் ரப்பர் கலக்கும் பாண்டியைப் பார்த்தோம்.

"என்னைய ஏன் பாக்குறீக? நான் வெத்தலைகூடப் போடுறதில்ல!"

பாய் முகம் இறுகியது. "மூணு லாட்டு போச்சுடா. நாளையில இருந்து நீ வரவேணாம்."

காலையில் பிரஸ்ஸை அழுத்தும் முதல் ஷாட்டுக்கு முன் மோல்டைத் தொட்டுக் கும்பிட்டு அதற்குத் திருநீறு பூசுவது என் இருபது வருஷப் பழக்கம். வாஷரை யாரும் லென்ஸ் வைத்துப் பார்த்ததில்லை. இது வானத்துக்குப் போகிற சாமானாயிற்றே என்று, இந்த மோல்டுக்கு மட்டும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று விரல் நிறையப் பூசியிருந்தேன்.

"பாய், பாண்டி மேல தப்பில்ல. அது என் கை. முருகன் திருநீறு."

பாண்டிதான் முதலில் வாய் திறந்தான். "ஏன் மாமா, முருகனையும் சேத்து ராக்கெட்ல ஏத்தப் பாத்தீகளா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஐயா, புயல் மழைய மேல இருந்து பார்த்துச் சொல்ற சாட்டிலைட் இதுல போகுது. இந்தப் புள்ளி வழியா கசிஞ்சா எல்லாமே போச்சு. பாதி வழியில நிறுத்தி மாத்த முடியாது."

மேலூரில் அறுத்த நெல் மழையில் நனைந்து, களத்தில் கைபிசைந்து நின்ற என் சம்பந்தி ஞாபகத்துக்கு வந்தார். தலை குனிந்தேன்.

"உங்க திருநீற நான் எப்பிடிண்ணே வேணாங்குறது?" என்றார் பாய் மெதுவாக. பிறகு தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். "என் அத்தரும் எண்ணெதான், அதுவும் ரப்பர்ல ஒட்டும். நாளையில இருந்து நானும் பூசல. டேய் பாண்டி, நீ வந்துரு."

மறுநாள் பட்டறை வாசலில் முருகன் படத்தை மாட்டினேன். கீழே திருநீற்றுக் கிண்ணம், பக்கத்தில் குழாய், சோப்பு. கும்பிட்டு, கை கழுவி, கையுறை போட்டுத்தான் உள்ளே. மோல்டைத் துடைக்கும்போது கர்ப்பகிரகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தேன். நாலாவது லாட்டில் ஒரு வளையம்கூடத் திரும்பவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சாமியை வாசலில் முழு மனசாகக் கும்பிடுங்கள். உள்ளே சுத்தமான கைதான் பூசை. தப்பு உங்களுடையது என்றால், அடுத்தவன் பிழைப்பு போகும் முன் வாயைத் திறந்துவிடுங்கள்.

ராக்கெட் கிளம்பிய அன்று பிரஸ்ஸை நிறுத்திவிட்டு பாயின் போனைச் சுற்றி நின்றோம். நெருப்பைக் கக்கிக்கொண்டு அது எழும்ப, நான் உள்ளே இருக்கும் வளையத்தையே நினைத்து மூச்சடக்கி நின்றேன். சாட்டிலைட் பத்திரமாகப் பிரிந்தது என்று அறிவித்ததும் பாண்டி என்னைத் தூக்கிச் சுற்றினான்.

பாய் வாசலுக்கு ஓடித் திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்தார்.

"பிரஸ்ஸுக்கு இன்னைக்கு லீவு. அம்புட்டையும் பூசிக்கங்கண்ணே!"