காணாக்கடிக்கு மருந்து தேடிப் பாவநாசம் போன கதை

உலகெங்கும் வாழும் வாசகப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. உவரியில் பிறந்து, உவரியிலேயே வளர்ந்த நான், பதினொரு நாள் மீன் தின்னாமல் இருந்து, இன்று பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா கல்யாண விருந்தில் நெய்மீன் வறுவலோடு நோன்பை முடித்துக்கொண்டேன். இதற்காக அரசு விடுமுறை எதுவும் விடவில்லை. பரவாயில்லை.

இந்தத் தியாகத்தின் பின்னால் ஒரு பயணம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அக்கா ஜெனிட்டாவுக்குக் கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்து அரிப்பு எடுத்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் அடங்கும். மறுநாள் குளித்து வந்ததும் மறுபடி கிளம்பும். "இந்தக் கழுத்தோட நான் கோயில்ல வந்து நிக்க மாட்டேன், கல்யாணத்தத் தள்ளி வைங்க" என்று அழுதாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. தள்ளினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் கரைக்கு வருவார். தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றே: காணாக்கடி. ஏதோ ஒரு பூச்சி கடித்திருக்கிறது, எது என்று கண்ணில் படவில்லை, விஷம் உடம்பில் நிற்கிறது. பாவநாசத்தில் பச்சிலை மருந்து கொடுக்கும் பேச்சியக்காவிடம் போங்கள் என்றார்கள். துணைக்கு நானே முன்வந்தேன். குறித்துக்கொள்ளுங்கள், நானே.

காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். திசையன்விளை வரை டவுன் பஸ். அக்காவுக்கு இலவசம், எனக்குப் பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து திருநெல்வேலி ஒன்றே முக்கால் மணி நேரம். புது பஸ் ஸ்டாண்டில் மாறி, பாவநாசத்துக்கு ஐம்பது கிலோமீட்டர், நாற்பது ரூபாய். மருந்துக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதால் அக்கா பட்டினி. நான் சன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ஒரு பக்கம் வயல், எதிரே மலை. முறுக்கும் நன்றாக இருந்தது.

"பாவநாசத்துக்கு என்னலே, குளிக்கவா கும்பிடவா?" என்றார் கண்டக்டர்.

"சொறிய அண்ணாச்சி" என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளியது இன்றும் கன்றிப்போய் இருக்கிறது. பாவம் எனக்கு, நாசம் அவளுக்கு என்று அதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தேன், விழுங்கிவிட்டேன்.

ஒன்பதரைக்கு இறங்கி, ஆற்றுப் பக்கம் போகும் தெருவில் பத்து நிமிடம் நடந்தால் பேச்சியக்கா வீடு. சாமியாடி மாதிரி ஒருத்தரை எதிர்பார்த்துப் போனேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், மடியில் சுளவை, அதுதான் முறத்தை, வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். விரல் நிற்கவே இல்லை. கண் மட்டும் அக்கா கழுத்தில்.

"பயப்படாத பிள்ளே. இத மெல்லு" என்று சிறியாநங்கை இலை ஒன்றைக் கொடுத்தார். உலகத்திலேயே கசப்பான இலை அதுதான். ஆனால் உடம்பில் விஷம் ஏறியிருந்தால் கசக்காது, இனிக்கும் என்பது இங்கே நம்பிக்கை.

அக்கா முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல ஆனது.

"கசக்குதா? அப்ப கடி இல்ல. எது தின்னாலும் வருதா, குளிச்சாத்தான் வருதா?"

"குளிச்சுத் துவட்டினதும் வருதுக்கா."

பீடி சுற்றிய விரல் அப்போதுதான் நின்றது. என்னைப் பார்த்து, "ஏலே, நீ வா. பின்னால இல பறிக்கணும்" என்றார். திண்ணையில் இத்தனை பேர் மருந்துக்குக் காத்திருக்க, இலை பறிக்கும் கௌரவம் எனக்கு! என் கைராசியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

குப்பைமேனிச் செடி முன்னால் குனிந்து, அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஒரு பிள்ளைக்கு நோவு, கொஞ்சம் தா" என்று கேட்டுவிட்டுத்தான் பறித்தார். நம் நிழல் செடிமேல் விழக் கூடாதாம். வேரோடு பிடுங்கக் கூடாதாம். கேட்காமல் பறித்த இலை வேலை செய்யாதாம். சிரிப்பு வாய் வரைக்கும் வந்தது, ஏனோ சிரிக்கவில்லை. அந்த இலையை மஞ்சளும் உப்பும் வைத்து நானே அரைத்தேன். அரை மணி பூசி, கழுவ வேண்டும். அக்காவுக்கு மூன்று நாள் மீன், கருவாடு, கத்திரிக்காய் கிடையாது. நானோ அக்கா மேலுள்ள பாசத்தில் பதினொரு நாள் இருந்தேன். அரிப்பு நாலாம் நாளே போனது. இன்று கோயிலில் கழுத்து நிறைய நகையோடு நின்றாள்; தடம்கூட இல்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வெற்றிலை பாக்கும் பதினொரு ரூபாயும் போதும், அதிகம் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார். கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது, நோவும் திரும்பி வருமாம். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ பாவநாசம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று பின்கட்டில் பேச்சியக்கா முதலில் என்னைக் கூட்டிப்போனது குப்பைமேனிக்கு இல்லை. வேலியில் பூனைக்காலிக் கொடி. பழுப்பு முடி மூடிய காய்கள் தொங்கின. அந்த முடி பட்டால் போதும், தோல் தடித்து அரிக்கும். "இது தெரியுமா?" என்றார். "தெரியாதே" என்றேன்.

"தெரியாதவன் எதுக்குலே ரெண்டடி பின்னால போன?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அக்கா துண்டில் அந்த முடியைத் தூவியது ஒரு நாள் வேடிக்கைக்குத்தான். அவள் அழுததும் சொல்லப் பயம். துண்டு துணி காயும் கொடியிலேயே கிடந்தது, தினமும் அதில்தான் துவட்டினாள். "துண்ட வெந்நீர்ல அலசு. அவகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும். அதுவரைக்கும் உனக்கு மீன் கிடையாது" என்றார். பாசம் எல்லாம் இல்லை, தண்டனை. அதையும் ஒழுங்காக முடிக்கவில்லை; சொல்லாமலேயே இன்று நெய்மீன் தின்றுவிட்டேன். தட்டில் ரெண்டாவது துண்டை வைத்தவள் அக்காதான். அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் இங்கே சொல்கிறேன். அக்கா, உன்னைக் கடித்தது கண்ணுக்குத் தெரியாத பூச்சி இல்லை. பஸ்ஸில் உன் பக்கத்தில், சன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டுதான் வந்தது.