சைரன் ஊத ஓர் உயரம்

பத்து வருடமாக நகரத் திட்டங்களில் வேலை செய்யும் பொறியாளர் மாதுரி, கொச்சங்காடித் தெருவில் குழம்பிப்போய் நின்றாள். கடல் பொங்கித் தெருவுக்குள் ஏறும் தண்ணீரை அளக்கும் கருவியைக் கால்வாயில் பொருத்தியாயிற்று. தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறினால் சைரன் ஊத வேண்டும்? அந்த ஓர் எண்ணை, மக்களைக் கேட்டு, ஐந்து மணிக்குள் அவள் அனுப்ப வேண்டும்.

"ஒரு வெரல்கடை ஏறுனாலே மிளகு மூட்டை போச்சு மேடம்" என்றார் கிடங்கு மேஸ்திரி சுடலைமணி.

"அது தெனமும் வர்ற தண்ணி. தெனம் கத்துனா நானே ஒயரப் புடுங்கிருவேன்" என்றாள் கிடங்குக்கு எதிர்வீட்டு வீரலட்சுமி. அவள் கட்டில் செங்கல்மேல் நின்றது. "முழங்காலுக்கு வந்தா ஊதட்டும்."

"அதுவரைக்கும் எஞ் சரக்கு நீச்சல் பழகுமாக்கும்?" என்றார் சுடலைமணி.

"ரெண்டு பேருமா ஒரு நம்பர் சொல்லப்படாதோ, சேட்டா?" மாதுரி தன் மலையாளம் கலந்த தமிழில் கெஞ்சினாள்.

"படிச்சவுக நீங்கதான சொல்லணும்!" என்றார்கள் இருவரும்.

மணி ஐந்தானது. இரண்டு உயரத்துக்கும் நடுவில் ஓர் எண்ணை அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது: அந்த உயரத்தில் மூட்டைகள் எப்போதோ நனைந்திருக்கும், வீரலட்சுமியோ கட்டிலில் கால்நீட்டி இருப்பாள். சைரன் யாருக்காக ஊதப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.