ஐந்தாவது டோக்கன்

லேப் உதவியாளர் எலைன் அக்கா உள்ளே நுழைந்ததும் முதலில் டோக்கன்களை எண்ணுவார். சுவரில் ஒரு பலகை, அதில் ஐந்து ஆணிகள். ஐந்திலும் பித்தளை டோக்கன் தொங்கினால்தான் அவர் முகம் தெளியும்.

கோலார் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் ஓட்டிய அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். கீழே இறங்குகிறவர் டோக்கனை எடுத்துப் போவார், ஏறி வந்ததும் மாட்டுவார். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் கீழே. அக்கா இதை பெங்களூர் லேபில் ஒரு பாக்டீரியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கோலாரில் தங்கம் பிரித்த கழிவு மலைபோல் குவிந்த பாலகாட் சயனைட் மேட்டு மண்ணில் கிடைத்தது அது. அதனுள் ஐந்து நொதிகள் வரிசையாக வேலை செய்து ஒரு மருந்துப்பொருளைக் கட்டுகின்றன. ஒன்று துண்டுகளைக் கோக்கும், இன்னொன்று வளைக்கும், கடைசி நொதி கைவைத்தால் சிவப்பு நிறம் வரும். சோதனையில் எதன் வேலை முடிந்திருக்கிறதோ அதன் டோக்கன் ஆணிக்கு ஏறும்.

“ஒருத்தன் முடிச்சாத்தான் அடுத்தவனுக்கு ஷிப்டு. இன்னாமா வேலை செய்றானுங்க!” என்பார், பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல.

மூன்று வாரமாக ஐந்தாவது ஆணி காலி. வெள்ளிக்கிழமைக்குள் நிறம் வராவிட்டால் குடுவையில் வளர்வதையெல்லாம் அவித்துக் கொட்டிவிடலாம் என்றார் ஆய்வாளர் ஸ்வப்னா.

“ஒரு ஆளு கீழ இருக்கசொல்ல கேஜை மூடுவாங்களா மேடம்?”

நியாயமான கேள்விதான். ஆனால் கெடுத்ததே அக்காதான். செவ்வாய்க்கிழமை காலை, ஊரிலிருந்து லேபுக்கு வரும் மாரிக்குப்பம் ரயிலில், ஜன்னல் வழியே வந்து விழுந்த மேட்டுப் புழுதியைக் கை தானாகத் துடைத்தபோது அவருக்குச் சுரீரென்றது. பாக்டீரியாவுக்குக் கலங்கலாகவே ஊற்றவேண்டிய அந்த மண்ணைக் கொதிக்கவைத்த நீரை நாலு முறை வடிகட்டி, பளிங்குபோலாக்கி ஊற்றியிருக்கிறார். லேபுக்கு வந்ததும் நேரே ஸ்வப்னாவிடம் போனார்.

“நான்தான் மேடம் கெடுத்துட்டேன். அந்த மண்ணுன்னாலே எங்க ஊர்ல பயம். தொட்டா கை கழுவுன்னு சொல்லியே வளர்த்தாங்க. சுத்தமா குடுக்கலாம்னு பார்த்தேன்.”

ஸ்வப்னா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். “அக்கா, அந்தக் கலங்கல்லதான் இரும்பு இருக்கு. அது இல்லாம கடைசி நொதிக்குக் கையே ஓடாது.”

அன்றே கலங்கலாக ஊற்றினார்கள். அடுத்த மூன்று நாள் அக்கா மணிக்கொரு தரம் குடுவையை எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை குடுவையில் மாதுளைச் சிவப்பு. அக்கா குனிந்து பார்த்தார்.

“இன்னாடா, இவ்ளோ லேட்டு?”

கோட்டுப் பையிலிருந்து டோக்கனை எடுத்து, முந்தானையில் அழுத்தித் துடைத்து, ஐந்தாவது ஆணியில் மாட்டினார்.